விரிஞ்சிபுரம் பஸ்ஸின் விரற்போர்

வாழி, செண்பகம்! பாலாற்றுப் படுகை ஈன்ற பசும்பொற் கொழுந்தே, ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அஞ்சி அடங்கும் ஆள்காட்டி விரலுடையாளே, காலணித் தொழிற்சாலையின் தோல் தரம் பிரிக்கும் மேசைக்கு முடிசூடா மாராணியே, சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியே எறிந்து கடைசி வரிசை சீட்டைக் கைப்பற்றும் கலையில் நிகரற்றவளே, வாழி! நின் கண்ணீர் வாழி! அந்தக் கண்ணீருக்காக நீ தொடுத்த பெரும்போரையும், வெற்றி வாயிலில் நின்றபோது நின் விரலாலேயே நின் படையை வீழ்த்திக்கொண்ட பெருமிதத்தையும் பாடப் புகுகின்றேன். கேட்போர் தத்தம் செல்போனைச் சற்றே சைலன்ட்டில் வைக்க.

காவியம் பாடுவோர் முதலில் ஒரு தெய்வத்தைத் தொழுவர். இப்போருக்குரிய தெய்வம், வேலூர் லாங் பஜாரில் தள்ளுவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் முட்டி மோதும் நெரிசலில் பேரம் பேசி வாங்கப்பட்டு, ஆயுத பூசையன்று கம்பெனி பஸ்ஸில் குடியேற்றப்பட்டு, ஓட்டுநர் அப்துல் சமத்தின் தலைக்கு நேர் மேலே இரண்டு ஆணிகளில் மிச்சத்தோல் வாரினால் இறுகக் கட்டுண்டு, நீலவிழி இமைத்து வீற்றிருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரே ஆகும். அது கற்பில் சிறந்த தெய்வம். ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசிக்கு மட்டுமே இணங்கும். எவள் கைப்பேசி காலையில் அதை முதலில் பற்றுகின்றதோ அவளே அன்று பஸ்ஸை ஆள்வாள். மற்றவள் ஆம்பூர் வரும் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

பொழுது புலரும் வேளையில் விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலோரம் புறப்பட்டு, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் மூச்சு வாங்கி, மாதனூரில் தலை ஈரம் காயாத மகளிரை அள்ளிக்கொண்டு ஆம்பூர் நோக்கிப் பாயும் அப்பேருந்து இரண்டு நாடுகளாய்ப் பிளந்து கிடந்தது. முன்பாதி தையல் செக்‌ஷனின் நாடு. பின்பாதி தோல் செக்‌ஷனின் நாடு. நடுவில் நிற்கும் துருப்பிடித்த கம்பியே எல்லை. முன்னாட்டாள் எவளும் அந்தக் கம்பியைக் கடந்து பின்னாட்டு சீட்டில் அமர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆம்பூர் வரை நின்றுகொண்டே வருவாளே தவிர உட்கார மாட்டாள்.

பின்னாட்டின் அரசியாகிய செண்பகத்தின் தொழில், தோலின் தரம் காணுதல். மேசைமேல் விரித்த தோலை ஒரு கணம் நோக்கி, ஒரு கணம் தடவி, அது எத்தரத்தது என்று தீர்ப்பளிப்பாள். பக்கத்துக் கூடத்தில் வெட்டும் இயந்திரங்கள் ஓயாமல் இடித்துக்கொண்டிருப்பதால் வாய்ச்சொல் அங்கே செல்லாது, தீர்ப்பெல்லாம் விரலால்தான். ஒரு விரல் உயர்ந்தால் ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்: கீறலில்லை, உண்ணிக்கடி இல்லை, கடல் கடந்து போகும் காலணியின் முகப்பில் மினுங்கத் தக்க மாசறு தோல். இரண்டு, மூன்று, நான்கு எனத் தரம் படிப்படியாய்க் கீழிறங்கும். ஐந்து விரலும் விரிந்தால் அந்தத் தோலின் கதை முடிந்தது. காலணியின் உள்பட்டைக்குக்கூட ஆகாதென்று மூலையில் வீசி எறிவார்கள். செண்பகத்தின் ஐந்து விரல் விரிவதைக் கண்டு தோல் மண்டிக்காரர் எத்தனையோ பேர் முகம் வெளுத்திருக்கிறார்கள்.

இத்தகைய வீராங்கனைக்கு இவ்வுலகில் ஒரே ஒரு தேவை இருந்தது. காலையில் நன்றாக அழ வேண்டும்.

தப்பாக நினைக்க வேண்டாம். அவளுக்குத் துயரம் ஏதும் இல்லை. கணவன் பாண்டியன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் சாது. மகள் படிப்பில் கெட்டிக்காரி. ஆனாலும் அலாரம் அடித்தது முதல் அடுப்பு, டிபன் டப்பா, தண்ணீர்க் குழாய் என்று ஓடி ஓடி, எதிர்ப்படும் எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசி, பஸ் ஏறி உட்காரும்போது நெஞ்சுக்குள் பெயர் தெரியாத ஒரு பாரம் வந்து சம்மணம் போட்டிருக்கும். வயலின் இழைந்திழைந்து வர, புல்லாங்குழல் விம்மி விம்மி அடங்க, ஆற்று மணலில் கொலுசைத் தொலைத்த ஒருத்தி அதைத் தந்தவனை நினைத்துப் பாடும் ஒரு பாட்டு உண்டு. அது ஓடினால் போதும், பாரம் கண் வழியே இறங்கிப் போய்விடும். காலையில் ஒரு மூச்சு அழுதுவிட்டால் அன்று முழுதும் அவளை எவராலும் அழவைக்க முடியாது, சூப்பர்வைசராலும் முடியாது. அழாத நாளிலோ கை தடுமாறும். இரண்டாம் தரம் மூன்றாம் தரமாகும். வீட்டுக்குப் போனால் வாழைக்குலை போலச் சாதுவாய்ப் படுத்திருக்கும் பாண்டியன் மீது பாத்திரம் பறக்கும்.

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியே அழுதுவிட்டுப் போகலாமே என்பீர். முடியாது, ஐயன்மீர்! தனியே அழுதால், “இன்னாக்கா, வூட்ல எதுனா பேஜாரா?” என்று பக்கத்து சீட்டு கேட்கும், அதற்குள் பின் சீட்டு பதில் சொல்லும், ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் பாண்டியன் குடிகாரன் ஆகிவிடுவான். பஸ்ஸே பாடும்போது அழுதாலோ பழி பாட்டின் தலையில் விழும். ஆகவேதான் அந்த ஸ்பீக்கர் அவளுக்கு உயிர்.

அந்த உயிரைப் பறிக்கவென்றே பிறந்தவள் முன்னாட்டுப் படைத்தலைவி சௌந்தர்யா. ஊசியும் அவளும் ஒரே வேகம் என்று தையல் கூடம் புகழும் இளவேங்கை. சிரிப்பால் பஸ்ஸின் கண்ணாடியை அதிரவைப்பவள். அவளுடைய பாட்டில் பறையும் தவிலும் விசிலும் உண்டு; பொருளென்று தேடிப் போனால் “ஏய்” என்ற ஒரு சொல் அகப்படும். அந்த “ஏய்” ஒலித்த மாத்திரத்தில் முன்னாட்டு மகளிர் உட்கார்ந்த இடத்திலேயே தோள் குலுக்குவர், வளையல் ஒலிப்பர், டிபன் டப்பா தட்டுவர். பின்னாட்டாரோ இரு காதையும் முந்தானையால் பொத்திக்கொண்டு, மழையில் நனையும் எருமைகளைப் போல் அசையாது அமர்ந்திருப்பர்.

நாள்தோறும் போர் நடந்தது. அப்துல் சமத் சாவியைத் திருக, நீலவிழி இமைக்க, பின்னாட்டிலிருந்து ஒரு கட்டை விரலும் முன்னாட்டிலிருந்து ஒரு கட்டை விரலும் ஒரே கணத்தில் தத்தம் திரைமேல் பாய்ந்தன. செண்பகம் ஜன்னலில் ஒற்றரை நிறுத்தினாள். சௌந்தர்யா ஓட்டுநர் முதுகுக்குப் பின்னாலேயே பாசறை அமைத்தாள். செண்பகம் வென்ற நாளில் முன்னாட்டார் வேண்டுமென்றே உரக்கப் பேசிக் கொலுசுப் பாட்டைக் குலைத்தனர். சௌந்தர்யா வென்ற நாளில் பின்னாட்டார் ஜன்னல்களை அறைந்து சாத்தித் தம் வெறுப்பைத் திசையெட்டும் முழக்கினர். “ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பைத்தியம் ஆக்குறீங்கம்மா!” என்று சமத் பாய் மாதனூர்த் திருப்பத்தில் அலறிய நாளும் உண்டு. கடைசியில் புகார், மனிதவள மேலாளர் சம்பத்தின் மேசையை எட்டியது.

அந்நேரம் பார்த்து அங்கே தோன்றினாள் உமைமா. ஆம்பூரில் பிறந்து வேலூர்க் கல்லூரியொன்றில் உளவியல் ஆராயும் நங்கை. தோளில் துணிப்பை, முகத்தில் மாறாப் புன்னகை, நெஞ்சில் ஒரு பேராசை. மாந்தர் தம் மனத்தைப் பாட்டால் எங்ஙனம் ஏற்றி இறக்கிக்கொள்கின்றனர் என்பதை அளந்து எண்ணாக்கிவிட வேண்டும் என்பதே அவ்வாசை. மூன்றடியால் உலகை அளந்தவன் கதையை நாம் அறிவோம். இவளோ ஐந்து விரலால் மனத்தை அளக்கப் புறப்பட்டவள்.

சம்பத்துக்கு இது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கணக்காயிற்று. அவர் பஸ்ஸின் படியில் ஏறி நின்று ஆணை பிறப்பித்தார்: “இந்த மேடம் அளந்து சொல்லுவாங்க. எந்தப் பாட்டு மூடை ஏத்துதோ, அது மட்டும்தான் இனிமே பஸ்ல. இன்னொண்ணு கட். சண்டையும் கட்.”

செண்பகம் கணக்குப் போட்டாள். ஒரே நாளின் தோல்வி என்றால் மறுநாள் மீளலாம். இதுவோ ஆயுள் தண்டனை. கொலுசுக்காரி வாழ்வதும் மாள்வதும் இனி விரல்களின் கையில்.

உமைமா ஓட்டுநர் அருகே நின்று பஸ்ஸை நோக்கினாள். “அக்கா எல்லாரும் கேளுங்க. பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவ, பாட்டு முடிஞ்சதும் ஒரு தடவ, உங்க மனசு எப்டி இருக்குதோ அதுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் விரல் காட்டுங்க. நான் போட்டோ எடுத்துக்குவேன். அவ்ளோதான்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஐந்து என்றால் உச்சம், ஒன்று என்றால் பாதாளம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்று அந்தக் கல்விக்கடலுக்குத் தோன்றவே இல்லை. ஒன்று என்றால் உச்சம், ஐந்து என்றால் குப்பை என்பதை வாய்விட்டுக் கேட்க வேண்டுமென்று பின்னாட்டில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவரவர் உலகில் அவரவர் எண் அத்தனை உறுதியாய் ஊன்றி நின்றது.

முதல் நாள் குத்துப் பாட்டுக்கு உரியதாயிற்று. ஓடுமுன், அரைத்தூக்கத்தில் எல்லாரும் மூன்று விரல் காட்டினர். பறை முழங்கியது, தவில் அதிர்ந்தது, விசில் கிளம்பி அகரம்சேரி வயல்களில் மேய்ந்த கொக்குகளை விரட்டியது. முடிந்ததும் முன்னாட்டார் மெய்சிலிர்த்து ஐந்து விரல் விரித்தனர். பின்னாட்டாரோ, செண்பகத்தின் கண்ணசைவில், மூலையில் வீசி எறியத் தக்க தோலுக்குக் காட்டும் அதே அருவருப்போடு, பதப்படுத்தும் தொட்டியின் நாற்றம் பட்டது போல முகம் சுளித்து, ஐந்து விரலையும் விரித்து உயர்த்தினர். உமைமா வியந்துபோய்ப் படம் எடுத்தாள்.

மறுநாள் கொலுசுப் பாட்டு. வயலின் இழைந்தது, குழல் விம்மியது, செண்பகத்தின் கண்கள் பாலாற்றில் வெள்ளம் வந்த நாளை நினைவூட்டின. முன்னாட்டார் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு கதை பேசினர். முடிந்ததும் அவர்கள் உதடு பிதுக்கி ஒற்றை விரல் காட்டினர். பின்னாட்டார் கண்ணீர்த் திரையினூடே, வாழ்நாளில் கண்ட மிகச் சிறந்த தோலுக்குக் காட்டுவது போல், கோபுரக் கலசமென ஒற்றை விரல் உயர்த்தினர்.

ஆகா, என்ன ஒற்றுமை! பகை முற்றிப் பழுத்த அந்தப் பேருந்தில் கருத்து வேற்றுமை என்பதே இல்லாமல், கைகள் அத்தனையும் ஒரே குரலில் பேசிவிட்டன. குத்துப் பாட்டுக்கு எல்லாரும் ஐந்து. கொலுசுப் பாட்டுக்கு எல்லாரும் ஒன்று. இத்தனை தெளிவான முடிவை எங்குமே கண்டதில்லை என்று உமைமாவின் பேராசிரியர் போனிலேயே பாராட்டினார். அடுத்த நாள் கம்பெனி வாசலில் பஸ் நின்றதும் சம்பத் படியேறித் தீர்ப்பு வாசித்தார்: “அழுவாச்சிப் பாட்டு எல்லாரோட மூடையும் கெடுக்குது. அது கேன்சல்.”

முன்னாட்டில் ஆரவாரம் எழுந்தது. பின்னாட்டில் எரிமலை எழுந்தது.

“யார் சார் சொன்னது?” என்று கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள் செண்பகம். “நாங்க அத்தினி பேரும் ஒண்ணு காட்னோமே! கண்ணு இல்லையா உங்களுக்கு?”

“அதான்க்கா, ஒண்ணுன்னா ரொம்ப மோசம்னுதானே...” என்று தயங்கினாள் உமைமா.

“மோசமா? ஒண்ணுன்னா ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்மா! அதுக்கு மேல ஒலகத்துல இன்னா இருக்குது?”

உமைமாவின் புன்னகை முதன்முறையாக நடுங்கியது. “அப்ப... அந்தக் குத்துப் பாட்டுக்கு அஞ்சு காட்டுனீங்களே?”

“கழிச்சுக் கட்டிப் போடுன்னு காட்னோம்!”

அந்தக் கணத்தில் ஒரு முழு ஆராய்ச்சியும் தலைகீழாய்க் கவிழ்ந்ததை உமைமாவின் முகத்தில் அனைவரும் கண்டனர். பாவம், நல்ல பெண். பிழை தன்னுடையது என்று அவளே சம்பத்திடம் போய் வாதாடி மறுபோருக்கு நாள் வாங்கினாள். திங்கட்கிழமை ஒரே பயணத்தில் இரண்டு பாட்டும் ஓடும். ஐந்துதான் உயர்வு, ஒன்றுதான் தாழ்வு. பேச்சு கூடாது, வேர்க்கடலை கூடாது, எல்லாரும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

தீர்ப்பு வாசித்த அன்று மதியமே கேன்டீன் மூலையில் செண்பகம் தன் சேனைக்குப் பயிற்சி அளித்தாள். பாடம் எளிது. எதிரியின் பாட்டுக்கு ஒன்று, நம் பாட்டுக்கு ஐந்து. பயிற்சியில் முதலில் கலங்கியவள் வலக்கைத் தளபதி அன்னம்மாள். தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். பாட்டின் மதிப்பு அறிந்தவள். “நம்ம பாட்டுக்கு அஞ்சா? அய்யய்யோ, கை கூசுதே, செண்பகம்,” என்றாள்.

“கூசட்டும். ஜெயிக்கணும்னா காட்டித்தான் ஆவணும்,” என்றாள் செண்பகம். சொன்னாளே தவிர, சாப்பாட்டு மேசைக்கு அடியில் தன் கையை ஒரு முறை ஐந்தாய் விரித்துப் பார்த்தாள். அவளுக்கும் கூசியது.

திங்கள் புலர்ந்தது! காற்று அசைய மறந்தது! சுங்கச்சாவடியின் கோல்தானும் வழக்கத்துக்கு மாறாய் மெல்லவே உயர்ந்தது! மூன்று விரல் காட்டி இரு நாட்டாரும் போருக்கு ஒருப்பட, முதலில் குத்துப் பாட்டு முழங்கியது. முன்னாட்டார் வழக்கம்போல் ஐந்து. பின்னாட்டாருக்கோ சோதனை, குப்பைத் தோலுக்கு முதல் தரம் கொடுப்பது போலிருந்தது. ஆனாலும் பகைவனை வாயாரப் புகழ்வது அரசியலில் புதிதில்லையே. பல்லைக் கடித்து, கண்ணை மூடி, அன்னம்மாள் வாய்க்குள் ஏதோ ஜெபம் முணுமுணுக்க, பின்னாடு முழுதும் ஒற்றை விரலை உயர்த்தியது. செண்பகத்தின் விரலும் உயர்ந்தது. முதல் களம் வென்றாயிற்று.

பிறகு கொலுசுக்காரி வந்தாள்.

பேச்சில்லை. வேர்க்கடலை இல்லை. பஸ்ஸின் சக்கரங்களும் புல்லாங்குழலும் மட்டுமே. இத்தனை மாதத்தில் அந்தப் பாட்டை முன்னாட்டார் முழுதாய்க் கேட்டது அன்றுதான். முதல் அடியில் கொலுசு தொலைந்தது. இரண்டாம் அடியில் மணல் பேசியது. மூன்றாம் அடியில் அந்தப் பெண் தேடுவதை நிறுத்திவிட்டு, வெறும் காலோடு வீட்டுக்குத் திரும்பினாள். அந்த அடியில்தான் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கேவல் கேட்டது.

சௌந்தர்யா அழுதுகொண்டிருந்தாள். போன ஆவணியில் அவளுக்கு நிச்சயித்திருந்த கல்யாணம் மாப்பிள்ளை வீட்டாரின் ஒரு போன் பேச்சில் நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அழத் தொடங்கினால் நிறுத்த முடியாதோ என்ற பயம். ஆகவே நினைவு நுழைய இடமில்லாதபடி விடிகாலை முதல் காது நிறைய “ஏய்”, “ஏய்” என்று அடைத்து வைத்திருந்தாள். இன்று அடைப்பு பிய்த்துக்கொண்டது. அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி அழுதாள். அழுகை நின்றபோது அவளுக்கே ஆச்சரியம். நெஞ்சு துடைத்துவிட்டது போல் லேசாக இருந்தது. பக்கத்திலிருந்தவர்களும் தலைவியின் கண்ணீரைக் கண்டு தத்தம் கணக்குக்கு அழுது முடித்திருந்தனர்.

“இப்ப காட்டுங்கக்கா,” என்றாள் உமைமா.

சௌந்தர்யாவின் படைக்கு இடப்பட்ட கட்டளை ஒற்றை விரல். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நனைந்த உள்ளங்கையை அப்படியே உயர்த்தினாள். ஐந்து. முன்னாடு முழுதும் அவளைத் தொடர்ந்தது. ஐந்து, ஐந்து, ஐந்து!

பின்னால் நின்ற செண்பகம் அதைக் கண்டாள். பகைவரே கோட்டைக் கதவைத் திறந்துவிட்டனர். இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றே. கையை விரிக்க வேண்டும். விரித்தால் கொலுசுக்காரி வாழ்வாள், அழுகை வாழும், பாண்டியன் தலை தப்பும். கையை உயர்த்தினாள். விரல்களை விரிக்க முயன்றாள். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. காதில் கடைசிக் குழலோசை இன்னும் அடங்கவில்லை. இந்தப் பாட்டுக்கா ஐந்து? கீறலற்ற, கறையற்ற, கை வைத்தால் வழுக்கும் இந்தப் பாட்டுக்கா, உள்பட்டைக்கும் ஆகாது என்ற தீர்ப்பு? பகைவனைப் பொய்யாய்ப் புகழ்ந்துவிட்டோம், போகட்டும். தன்னைத் தினந்தோறும் தேற்றி அனுப்பியவளைப் பொய்யாய் இகழ்வது எப்படி?

எத்தனையோ ஆண்டுகளாய் உண்மை ஒன்றையே பழகிய அந்தக் கை உடையவளின் பேச்சைக் கேட்கவில்லை. நான்கு விரல்கள் மெல்ல மடங்கின. ஆள்காட்டி விரல் மட்டும், வானத்தைச் சுட்டியபடி, நிமிர்ந்து நின்றது.

“ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்!” என்று வாய்விட்டே முழங்கினாள் செண்பகம். “எவன் இன்னா கணக்கு போட்டாலும் செரி, இது ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்தான்!”

“ஆமென்!” என்று விம்மினாள் அன்னம்மாள். பின்னாடு முழுதும் ஒற்றை விரல்கள் எழுந்தன. தோற்பது தெரிந்தே எழுந்த அந்த விரற்காட்டின் அழகைச் சொல்ல எனக்கு நா ஒன்று போதாது.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. உமைமா தன் கைப்பேசியை நீட்டி மன்றாடினாள். “சார், பாதிப் பேருக்கு அஞ்சுன்னா உச்சம். பாதிப் பேருக்கு ஒண்ணுன்னா உச்சம். உண்மையில எல்லாருமே உச்சத்துலதான் சார் இருந்தாங்க.”

“அவரேஜ் இன்னா சொல்லுது?” என்றார் சம்பத்.

“மூணு.”

“பாட்டுக்கு முன்னாடி?”

“மூணு.”

“குத்துப் பாட்டுக்கு?”

“அதுவும்... மூணு.”

“அப்புறம் இன்னாம்மா? எந்தப் பாட்டாலயும் எவளுக்கும் ஒரு மண்ணும் ஆவல. எதுக்கு அந்த டப்பா?” என்றார் சம்பத். அன்று மாலையே தோல் வார் அறுக்கப்பட்டது. தெய்வம் அட்டைப் பெட்டிக்குள் அடக்கமாயிற்று.

செவ்வாய்க்கிழமைப் பேருந்து மௌனத்தில் புறப்பட்டது. நீலவிழி இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள். செண்பகம் ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள்; பாரம் அவள் நெஞ்சில் சம்மணம் போட்டு அமர்ந்திருந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுவா கூலி என்று அவளுக்கு ஆற்றாமையாய் வந்தது. ஆனால் அழ முடியவில்லை. அழுதால் பாண்டியன் பெயர் கெடும்.

பள்ளிகொண்டா தாண்டியபோது முன்னாட்டிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி வந்து, எல்லைக் கம்பியைக் கடந்து, பஸ் முழுதும் மூச்சடக்கிப் பார்க்க, பின்னாட்டு சீட்டில், செண்பகத்தின் பக்கத்தில், பொத்தென்று உட்கார்ந்தது. சௌந்தர்யா.

“அக்கா, அந்தக் கொலுசுப் பாட்ட நீயே பாடேன்.”

“எனக்கு இன்னாடி பாடத் தெரியும்?”

“எனக்கு மட்டும் அடிக்கத் தெரியுமா?” என்ற சௌந்தர்யா, மடியிலிருந்த டிபன் டப்பாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாள். உள்ளே புளிச்சோறு இருந்ததால் ஓசை கனமாகவே வந்தது.

செண்பகம் பாடினாள்! பிளிறினாள் என்பாரும் உளர். ஆற்று மணலில் அவள் கொலுசைத் தொலைக்க, சௌந்தர்யா அதைக் குத்துத் தாளத்தில் தேட, அன்னம்மாள் தேவாலயக் குரலில் மேலெழும்பிக் கூரையைத் தொட, முன்னாட்டார் எல்லைக் கம்பியின் மேலேயே தாளம் தட்டிப் பின்னாடு புக, பின்னாட்டார் விசிலடிக்கப் பழக, அழுபவள் ஆட, ஆடுபவள் அழ, மாதனூர் நிறுத்தத்தில் ஏறியவர்கள் காரணம் கேளாமலே கண்ணீரும் கைத்தட்டலுமாய்க் கலக்க, வெறும் காலோடு வீடு திரும்பிய அந்தப் பெண்ணுக்கு “ஏய்! ஏய்!” என்று பேருந்தே துணைக்குரல் கொடுக்க, அளப்பாரும் எண்ணுவாரும் படம் பிடிப்பாரும் இல்லாத அந்தப் பெருங்களிப்பில் கூரை குலுங்கி, கண்ணாடி அதிர்ந்து, பாலாற்றின் வறண்ட மணல்கூட ஒரு கணம் ஈரமாயிற்றோ என்று ஐயுறும்படி ஆம்பூர்ச் சாலை முழுதும் அந்த ஓசை உருண்டு சென்றது.

சமத் பாய் மெடிக்கல் ஷாப் வாசலில் வண்டியை ஓரங்கட்டி, பஞ்சு வாங்கி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார்.